சன்னாசி கண்டக்டரும் பத்து பேர் டென்ட்டும்

ஒரு ஊர்ல ஒரு தூங்காத மனுசன் இருந்தாரு, பட்டு. ஊரு பேரு போடி. அவரு பேரு சன்னாசி. என்ன வேலை பாத்தாரு? நைட் பஸ்ஸுல கண்டக்டரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போடி பஸ் ஸ்டாண்டுல பீப்னு விசில் ஊதுனாருன்னா, விடிய விடிய முழிச்சிருந்து காலையில மெட்ராஸ்ல கொண்டுபோய் எல்லாரையும் எறக்கி விடுவாரு. மறுநாள் ராத்திரி அங்கிருந்து கெளம்பி இங்க வருவாரு. இப்படி எட்டு வருசம்!

ம் கொட்டு. ஆங், அப்படித்தான்.

அவருக்கு ஒரு பொண்டாட்டி, பேரு கோமளம். ஒரு அக்கா, பேரு பேச்சி. பேச்சியக்கா நல்லா பூசணிக்காய் மாதிரி இருப்பாங்க. படுத்தா போதும், கொர்ர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்ஸ்! கொர்ர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்ஸ்! அப்புறம் மூணு பொம்பளப் புள்ளைக. மூத்தவ அல்லி, ஒம்பது வயசு. சின்னதுக ரெண்டும் ரெட்டை. பரணி, தரணி. நாலு வயசு. ஒண்ணு என்ன சொல்லுதோ அதத்தான் இன்னொண்ணும் சொல்லும். பரணி "பசிக்குது"ன்னா தரணி "எனக்கும்"னு சொல்லும். தரணி "கால் வலிக்குது"ன்னா பரணி "எனக்கும்"னு சொல்லும்.

அந்த ரெட்டைக ரெண்டும் அவுங்க அப்பா தூங்கிப் பாத்ததே இல்ல. ராத்திரி அவரு பஸ்ஸுல இருப்பாரு. பகல்ல வீட்டுக்கு வந்தா இதுக போடுற கூச்சல்ல தூங்க முடியாதுன்னு டெப்போ ரூம்ல போய்ப் படுத்துக்குவாரு. லீவு நாள்ல? லீவு நாள்ல போன் அடிக்கும். "சன்னாசி, ஆள் வரல, சட்டையை மாட்டிட்டு ஓடியா." இவரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. சட்டையை மாட்டிட்டு ஓடிருவாரு. அதனால ரெட்டைக என்ன நெனச்சுச்சுகன்னா, உலகத்துல எல்லாரும் தூங்குவாங்க, நம்ம அப்பா மட்டும் தூங்க மாட்டாரு, அவருக்குக் கண்ணுக்கு மூடியே கெடையாதுன்னு.

கோமளத்துக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, ஆறு பேரும் ஒண்ணாப் படுத்து ஒண்ணா எந்திரிக்கணும்.

அப்போ என்னாச்சு, சன்னாசிக்குப் பத்து நாள் லீவு கெடச்சிருச்சு! எட்டு வருசத்துல மொத தடவை.

கோமளம் சொன்னாங்க, "ஏங்க, வீட்ல இருந்தா போன் அடிச்சுருவாங்க. எங்கிட்டாவது வெளியில போய்ப் படுப்போம்."

"வெளியிலன்னா எங்க?"

"டென்ட்டு போட்டுப் படுப்போம். நான் வாங்கிட்டேன்."

வாங்கியே முடிச்சுட்டாங்க! போன்லயே பாத்து, அமுக்கி, வீட்டு வாசலுக்கே வந்துருச்சு. பை எம்புட்டுப் பெருசு தெரியுமா? ஒரு அரிசி மூட்டை கணக்கா! ஊதாவும் மஞ்சளுமா துணி, வெள்ளை வெள்ளையாக் கம்பி, கயிறு, முளை. பத்து பேர் படுக்கலாமாம். உள்ள மூணு ரூமாம். ஜன்னலாம். வாசல்ல ஜிப்பாம்.

"நம்ம ஆறு பேருதான?"ன்னு சன்னாசி கேட்டாரு.

"உங்க அக்கா இருக்காங்கள்ல"ன்னாங்க கோமளம்.

"என்னது?"ன்னாங்க பேச்சியக்கா.

"ஒண்ணுமில்ல அண்ணி, உங்களுக்குத் தனி ரூமுன்னு சொன்னேன்."

சிரிக்காத. அப்புறம் தூக்கம் போயிரும். ம்.

சரி, லீவுல ரெண்டாவது நாளு. எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு, ஒரு ஆட்டோவுல டென்ட்டு, ஒரு ஆட்டோவுல ஆளுகன்னு ஆத்துக்குப் போனாங்க. ஆத்துல தண்ணி இல்ல. வெறும் மணலு. பொசுபொசுன்னு மெத்தை கணக்கா மணலு. "இதவிட நல்ல எடம் கெடைக்குமா!"ன்னாரு சன்னாசி.

டென்ட்டு எப்படிப் போடணும்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. எழுத்தே இல்ல, வெறும் படம். ஒரு ஆளு சிரிச்சுக்கிட்டே கம்பியை எடுக்குறான். சிரிச்சுக்கிட்டே சொருகுறான். சிரிச்சுக்கிட்டே கயிறு இழுக்குறான். சன்னாசியும் கம்பியை எடுத்தாரு. அது மடக்குக் கம்பி, டப் டப் டப்னு தானா நீண்டுச்சு. ஒரு மொனை டென்ட்டுக்குள்ள போச்சு. இன்னொரு மொனை சன்னாசி சட்டைக்குள்ள போயிருச்சு! இந்தக் கையில நொழஞ்சு அந்தக் கையில வந்து, மனுசன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிக்கிறாரு.

"படத்துல இருக்குறவன் சிரிக்கிறான், எனக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரல?"ன்னு கேட்டாரு.

மூணு மணி நேரம் ஆச்சு. போட்டு முடிச்சா, ஜன்னலு மேல இருக்கு, வாசலு தரையில இருக்கு. தலகீழாப் போட்டுட்டாங்க! அப்புறம் புரட்டிப் போட்டு, ஒருவழியா நிக்க வச்சாங்க. ஆகா, என்ன அழகு! ஆத்துக்கு நடுவுல அரமணை மாதிரி!

பேச்சியக்கா சொன்னாங்க, "எனக்கு அலுப்பா இருக்கு. நான் செத்த படுக்குறேன்." உள்ள போயிட்டாங்க. ஜிப்பு சர்ர்ர்ர்! ஒரு நிமிசம் ஆகல. கொர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.

மத்த அஞ்சு பேரும் வெளியில உக்காந்து புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க. முளை இருந்துச்சுல்ல, பதினாறு முளை? அதுல ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சிருந்தாங்க. மிச்சத்தைச் சாப்பிட்டுட்டு அடிக்கலாம்னு விட்டுட்டாங்க.

அப்போ வந்துச்சு பாரு காத்து. உய்ய்ய்ய்ய்ய்ங்! மணல்ல அடிச்ச முளை நிக்குமா? பிளக்! புடுங்கிருச்சு. டென்ட்டு ஒப்புனு உப்புச்சு. அப்புறம் மெதுவா ஒரு புரளு புரண்டுச்சு. அப்புறம் இன்னொரு புரளு. அப்புறம் உருள ஆரம்பிச்சிருச்சு. குடு குடு குடு குடு குடு!

உள்ள யாரு? பேச்சியக்கா!

"அக்கா! அக்கா!"ன்னு சன்னாசி கையில புளிச்சோறோட ஓடுறாரு. பின்னாடி கோமளம் ஓடுறாங்க. பின்னாடி அல்லி. பின்னாடி ரெட்டைக. "அத்தை உருளுது!" "எனக்கும் உருளணும்!" சன்னாசி என்ன பண்றதுன்னு தெரியாம பாக்கெட்ல இருந்து விசிலை எடுத்து ஊதுறாரு. பீப்! பீப்! டென்ட்டு என்ன பஸ்ஸா, விசில் அடிச்சா நிக்கிறதுக்கு? அதுபாட்டுக்கு குடு குடு குடுன்னு போகுது.

கரையில ஒரு சீமைக் கருவேல முள்ளு. அதுல போய் முட்டுச்சு. டொப்! டொப்! டொப்! மூணு ஓட்டை. புஸ்ஸ்ஸ்னு காத்து எறங்கி நின்னுருச்சு.

எல்லாரும் மூச்சு வாங்க வந்து நின்னாங்க. கோமளத்துக்கு அழுகையே வந்துருச்சு.  சன்னாசி மெதுவா ஜிப்பைத் தொறந்தாரு. சர்ர்ர்ர்.

உள்ள பேச்சியக்கா போர்வையில சுருட்டி, முறுக்குக் கணக்கா இருந்தாங்க. ஒரு கண்ணைத் தொறந்தாங்க.

"ஏ தம்பி சன்னாசி, வண்டி ஏன் இந்தக் குலுக்கு குலுக்குது? திண்டுக்கல் தாண்டிருச்சா?"

அம்புட்டுத்தான்! சன்னாசி மணல்ல பொத்துனு உக்காந்து சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். ஆனா அன்னைக்கு ராத்திரி? வீட்லதான். போன் அடிச்சிருச்சு. சட்டையை மாட்டிட்டு ஓடிட்டாரு.

ம். பாவம்தான். கோமளம் விடல. பஞ்சர் கடைக்குப் போய், சைக்கிள் ட்யூப்புக்கு ஒட்டுவாங்கள்ல, அந்த ஒட்டுத் துண்டை வாங்கியாந்து மூணு ஓட்டையையும் ஒட்டி வச்சாங்க.

லீவுல அஞ்சாவது நாளு. கோமளத்தோட சித்தி மகனுக்கு ஒரு தோட்டம் இருந்துச்சு. சுத்தி தென்னை, நடுவுல வெறும் தரை. நல்ல கெட்டி மண்ணு. அன்னைக்குப் பதினாறு முளையையும் நங்கு நங்குன்னு அடிச்சாங்க. அல்லிதான் எண்ணுனா. டென்ட்டும் ஒரு மணி நேரத்துல நின்னுருச்சு. பொழுது சாயும்போது ரூமு ரூமாப் பிரிச்சுக்கிட்டாங்க. ஒரு ரூம்ல பேச்சியக்கா. நடு ரூம்ல சன்னாசியும் கோமளமும். இந்தப் பக்கம் புள்ளைக. ஜிப்பு சர்ர்ர்ர்!

அப்போ பரணி சொன்னா, "எனக்கு ஒண்ணுக்கு வருது."

தரணி சொன்னா, "எனக்கும்."

ஜிப்பு சர்ர்ர்ர். வெளிய போனாங்க, வந்தாங்க. ஜிப்பு சர்ர்ர்ர்.

"எனக்குத் தண்ணி வேணும்." "எனக்கும்." குடத்துல தண்ணி வெளியில. சர்ர்ர்ர். வந்தாங்க. சர்ர்ர்ர்.

"எனக்கு மறுபடியும் ஒண்ணுக்கு வருது." "எனக்கும்." தண்ணி குடிச்சா வராதா பின்ன?

சர்ர்ர்ர். இந்தத் தடவை ஜிப்பை மூட மறந்துட்டாங்க.

அதே நேரத்துல மானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. டமடமடமடம! சோன்னு மழை. பக்கத்துக் காட்டுல ஒரு கீதாரி கிடை போட்டிருந்தாரு. கீதாரின்னா செம்மறி ஆட்டு மந்தையை ஊர் ஊரா ஓட்டிட்டுப் போயி, ராத்திரி காட்டுல மடக்கிக் கிடை போடுறவரு. அவருகிட்ட அறுவது ஆடு. மழையைக் கண்டதும் ஆடெல்லாம் மே... மே...ன்னு சிதறி, எங்கடா ஒதுங்கலாம்னு பாத்துச்சுக. பாத்தா, பெரிய டென்ட்டு! வாசல் வேற தொறந்து கெடக்கு!

சன்னாசி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. மழை மூஞ்சியில அடிக்குது, ஒண்ணும் தெரியல. ஏதோ ஒரு கூட்டம் வாசலை முட்டிக்கிட்டு வருது. எட்டு வருசப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா?

"ஏறு ஏறு ஏறு! உள்ள போ, உள்ள போ! நடுவுல நெறைய எடம் இருக்கு! வாசல்ல நிக்காத, தள்ளிப் போ!"

ஆடுகளும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்கா உள்ள போகுதுக. தொபு தொபு தொபு தொபு. இருவது. முப்பது. நாப்பது. கோமளம் கத்துறாங்க, "ஏங்க! என்னங்க பண்றீங்க! அது ஆடுங்க!"

அப்பத்தான் சன்னாசி குனிஞ்சு பாத்தாரு. ஒரு கெடா அவரை நிமிந்து பாத்துச்சு. "மே"ன்னுச்சு.

அந்த ரூம்ல பேச்சியக்கா கதை தனி. அவுங்க கண்ணை மூடிக்கிட்டே பேசுறாங்க. "ஏ கோமளம், நல்ல கம்பளியாப் போத்தி விட்டுருக்கடி. வெதுவெதுன்னு இருக்கு."

கோமளம் எதுவும் போத்தலையே!

"ஆனா ஏண்டி இந்தக் கம்பளி மூச்சு விடுது?"

அப்புறம் ஒரு சத்தம். "அடி ஆத்தீஈஈஈ!" அந்தச் சத்தத்துல ஆடே பயந்து போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிருச்சுக.

மழைக்குள்ள கீதாரி ஓடிவந்தாரு. கையெடுத்துக் கும்புட்டாரு. "அய்யா, குட்டியாடுக நிறையா இருக்கு, நனைஞ்சா செத்துரும். மழை விடுற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்யா."

சன்னாசி கோமளத்தைப் பாத்தாரு. கோமளம் அந்தக் குட்டிகளைப் பாத்தாங்க. வெள்ளையா, நடுங்கிக்கிட்டு, காதை ஆட்டிக்கிட்டு. பாத்தா வெளிய போன்னு சொல்ல மனசு வருமா? வராது. அதனால அறுவது ஆடும் டென்ட்டுக்குள்ள படுத்துச்சு. இவுங்க ஆறு பேரும் தோட்டத்து மோட்டார் ரூம்ல, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு நின்னுக்கிட்டே கெடந்தாங்க. ஆடுக நல்லாத் தூங்குச்சுக. மனுசங்களுக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்ல.

காலையில டென்ட்டு உள்ள பாத்தா... வேணாம், சொல்ல மாட்டேன். ஆட்டுப் புழுக்கை. அம்புட்டும் ஆட்டுப் புழுக்கை! ரெட்டைக மட்டும் "உருண்டையா இருக்கு!" "எனக்கும் உருண்டையா இருக்கு!"ன்னு சந்தோசமாக் குதிச்சுதுக. டென்ட்டைக் கழுவித் தெருவுல காயப் போட்டாங்க. மூணு வீட்டு வாசலை அடைச்சுக்கிச்சு. ரெண்டு நாளு யாரு வந்தாலும் அதுக்கு அடியில குனிஞ்சுதான் போகணும்.

கண்ணு சொருகுதா? இன்னும் கொஞ்சம்தான். ம்.

இப்போ லீவுல பத்தாவது நாளு, கடைசி நாளு. மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டூட்டி. ஒரே ஒரு ராத்திரிதான் மிச்சம். பேச்சியக்கா சொன்னாங்க, "விட்ருடி கோமளம். ஆறு பேரும் ஒண்ணாத் தூங்கணும்னு நம்ம தலையில எழுதல."

கோமளம் எந்திரிச்சாங்க. டென்ட்டைச் சுருட்டிப் பையில போட்டாங்க. பையைத் தலையில வச்சாங்க. வாசல்ல எறங்கிட்டாங்க. அப்புறம் யாரு வீட்ல இருக்குறது? எல்லாரும் பின்னாடியே போனாங்க.

ஒரு ஜீப்பைப் புடிச்சு மலைக்குப் போனாங்க. பதினெட்டு வளைவு. வ்ர்ர்ரூம், வ்ர்ர்ரூம். மேல காத்தாடிமேடுன்னு ஒரு எடம். ஏலக்காய்த் தோட்டத்துக்காரங்ககிட்டக் கேட்டு, அவுங்க காமிச்ச பச்சைப் புல்லு மேட்டுல எறங்குனாங்க. போன் எடுத்துப் பாத்தா ஒரு கோடு கூட இல்ல. யாரும் கூப்பிட முடியாது! ஜீப்புக்காரரு, "நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வர்றேன். அதை விட்டா அஞ்சு மணிக்குப் போடி போக முடியாது, பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இந்தத் தடவை டென்ட்டு அரை மணி நேரத்துல நின்னுருச்சு. காத்து இல்ல. மழை இல்ல. ஆடு இல்ல. ரெட்டைகளை மூணு தடவை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டுத்தான் உள்ள விட்டாங்க. ஜிப்பு சர்ர்ர்ர்.

இருட்டுச்சு. வெளியில பூச்சி க்ரீச் க்ரீச். பேச்சியக்கா கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ். கோமளம் சன்னாசி கையைப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க. பரணி தூங்கிட்டா. தரணியும்.

சன்னாசி?

சன்னாசி கண்ணை மூடுனாரு. தொறந்தாரு. இந்தப் பக்கம் திரும்புனாரு. அந்தப் பக்கம் திரும்புனாரு. எந்திரிச்சு உக்காந்தாரு. எண்ணிப் பாத்தாரு, எல்லாரும் இருக்காங்களான்னு. படுத்தாரு. மறுபடியும் உக்காந்தாரு. எட்டு வருசமா ராத்திரி முழிச்சுப் பழகுன ஒடம்பு, இப்போ தூங்குன்னா எப்படித் தூங்கும்?

ஆத்துல காத்து வந்தது, தோட்டத்துல ஆடு வந்தது, அதனாலதான் தூக்கம் கெட்டுச்சுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. அது இல்ல. இந்த மனுசனுக்கு ராத்திரியில தூங்கவே தெரியல!

அவரு உக்காந்துக்கிட்டு இருக்குறத அல்லி பாத்துட்டா. ஊர்ந்து ஊர்ந்து அப்பாகிட்ட வந்தா.

"அப்பா, ஏம்ப்பா தூங்கல?"

"நீ தூங்கும்மா."

"சொல்லுப்பா."

சன்னாசி அவளைப் பக்கத்துல உக்கார வச்சாரு. அப்புறம் மெதுவா, "பஸ்ஸுல எல்லாரும் தூங்குவாங்கம்மா. நானும் டிரைவரும் மட்டும்தான் முழிச்சிருப்போம். அம்பது பேரு நம்மள நம்பித் தூங்குறாங்கல்ல? இப்ப இங்கயும் எல்லாரும் தூங்குறீங்க. நானும் தூங்கிட்டா யாரு பாத்துக்குறது?"ன்னாரு.

அல்லி யோசிச்சா. "சரி. இன்னைக்கு நான் கண்டக்டரு. நீ ஏறிப் படு."

"நீயா?"

"ம். நீ பேசஞ்சரு. பேசஞ்சரு பேசக் கூடாது."

சன்னாசி படுத்தாரு. சும்மா, புள்ளை மனசு நோகக் கூடாதேன்னு. அல்லி அவரு தலைமாட்டுல சம்மணம் போட்டு உக்காந்தா.

"எல்லாரும் ஏறியாச்சா?"ன்னு சன்னாசி கேட்டாரு.

"ஏறியாச்சு. ஆறு பேரு."

"கதவு?"

"சாத்தியாச்சு. ஜிப்பு போட்டாச்சு."

"டிரைவரு முழிச்சிருக்காரா?"

அல்லிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அப்பா! இது டென்ட்டுப்பா. இது ஓடாது. இதுக்கு டிரைவரே வேணாம்."

"அன்னைக்கு ஆத்துல ஓடுச்சேம்மா."

"அன்னைக்கு ஒரு முளைதான் அடிச்சீங்க. இன்னைக்குப் பதினாறும் அடிச்சாச்சு. நான் எண்ணுனேன். எங்கயும் போகாது. நீ படு."

எங்கயும் போகாது. அந்தப் பேச்சு சன்னாசிக்கு என்னமோ பண்ணுச்சு. எட்டு வருசமா அவரு படுத்தாலும் உக்காந்தாலும் தரை ஓடிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கும். இப்போ கையை வச்சுப் பாத்தாரு. தரை அப்படியே கெடந்துச்சு, சில்லுன்னு, சாதுவா.

அல்லி சின்னக் கொரல்ல ஊரு பேரு சொல்ல ஆரம்பிச்சா. அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"தேனீ... தேனி எறங்குறவங்க இருக்கீங்களா? யாரும் இல்ல. போலாம்."

"பெரியகுளம்... பெரியகுளம்... யாரும் இல்ல. போலாம்."

"வத்தலக்குண்டு... டீ குடிக்கிறவங்க குடிக்கலாம். இவரு தூங்குறாரு, இவரை எழுப்பாதீங்க. போலாம்."

"திண்டுக்கல்லு..."

அப்போ ஒரு சத்தம் வந்துச்சு பாரு. க்ர்ர்ர்ராங்... ஊய்ய்ய்ய்! க்ர்ர்ர்ராங்... ஊய்ய்ய்ய்! மலையேறுற லாரி கணக்கா! எட்டு வருசம் சேத்து வச்ச கொறட்டைல்ல அது! டென்ட்டே ஆடுச்சு.

அந்தச் சத்தத்துல எல்லாரும் முழிச்சிட்டாங்க. பேச்சியக்காவே முழிச்சிட்டாங்கன்னா பாத்துக்க! "யாருடி அது, எனக்குப் போட்டியா?"ன்னாங்க.

ரெட்டைகளுக்குப் பயமாப் போச்சு. "அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?" "என்னாச்சு?"

கோமளம் டார்ச்சு லைட்டைக் கையில பொத்திக்கிட்டு லேசா அடிச்சுக் காமிச்சாங்க. சன்னாசி வாயைத் தொறந்துக்கிட்டு, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கிக் கெடந்தாரு. ரெட்டைக ரெண்டும் மூஞ்சிகிட்டக் குனிஞ்சு பாத்துச்சுக.

"அப்பாவுக்குக் கண்ணு மூடுது!"ன்னா பரணி.

"ஆமா, மூடுது!"ன்னா தரணி.

"தூங்குறாருடி"ன்னாங்க கோமளம்.  லைட்டை அமத்திட்டு, அவரு பக்கத்துலயே படுத்துக்கிட்டாங்க. ரெட்டை ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒட்டிக்கிச்சுக. அல்லி மட்டும் விழுப்புரம் வரைக்கும் முழிச்சிருந்தா. அப்புறம் அவளும் சாஞ்சுட்டா.

அப்புறம் விடிஞ்சுச்சு. கோமளம் எந்திரிச்சாங்க, பேச்சியக்கா எந்திரிச்சாங்க, புள்ளைக எந்திரிச்சுச்சுக. சன்னாசி? க்ர்ர்ர்ராங்... ஊய்ய்ய்ய்!

எட்டு மணி ஆச்சு. பத்து மணி ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. எந்திரிக்கக் காணோம்!

"எழுப்பு கோமளம், ஜீப்பு வந்துரும்"ன்னாங்க பேச்சியக்கா.

"மாட்டேன் அண்ணி. தூங்கட்டும்."

"டென்ட்டை எப்படிடி மடிக்கிறது?"

"அவரு மேலயே மடிப்போம்."

மடிச்சாங்க பாரு! ஓசைப்படாம ஒவ்வொரு முளையாப் புடுங்கி, ஒவ்வொரு கம்பியா உருவி, துணியை மெள்ள மெள்ள அவரு மேலேர்ந்து இழுத்து, அடித்துணியை அவரை இந்தப் பக்கம் உருட்டி அந்தப் பக்கம் உருவி எடுத்துட்டாங்க. இப்போ டென்ட்டே இல்ல. பச்சைப் புல்லு மேட்டுல ஒரு பாயி. பாயில சன்னாசி. க்ர்ர்ர்ராங்... ஊய்ய்ய்ய்! ஒரு மாடு வந்து மூஞ்சியை மோந்து பாத்துச்சு. கொறட்டையைக் கேட்டுட்டு நாலடி பின்னாடி போயிருச்சு. ஏலக்காய் பறிக்கப் போன பொம்பளைக எல்லாம் நின்னு பாத்துட்டு, வாயில வெரலை வச்சுக்கிட்டு, பூனை மாதிரி நடந்து போனாங்க.

டாண்ணு ஒரு மணிக்கு ஜீப்பு வந்துச்சு. ஜீப்புக்காரருக்குப் பக்குனு ஆகிப்போச்சு. "என்னங்க ஆச்சு இவருக்கு?"

"தூங்குறாரு!" "தூங்குறாரு!"ன்னு ரெட்டைக கத்துச்சுக.

பாயோட நாலு மூலையையும் புடிச்சு, ஐலசா ஐலசான்னு ஜீப்புல ஏத்தி, நடுவுல படுக்கப் போட்டாங்க. பதினெட்டு வளைவுலயும் அவரு இந்தப் பக்கம் சறுக்குனாரு, அந்தப் பக்கம் சறுக்குனாரு. பேச்சியக்கா காலைக் குறுக்க நீட்டி அணை கட்டி வச்சிருந்தாங்க. மனுசன் முழிக்கவே இல்ல.

கீழ எறங்கித் தார் ரோட்டுக்கு வந்ததும், எதுக்க ஒரு பஸ்ஸு, பாஆஆம்ப்! சன்னாசி படக்குனு எந்திரிச்சு உக்காந்தாரு. எல்லாரும் அவரையே பாக்குறாங்க.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?"

"நல்லாத் தூங்குனீங்களா?"ன்னாங்க கோமளம்.

"நானா? நான் எங்க தூங்குனேன்? சும்மா கண்ணை மூடியிருந்தேன். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப டென்ட்டு எங்கப்பா?"ன்னு அல்லி கேட்டா.

சன்னாசி மேல பாத்தாரு. கீழ பாத்தாரு. ஜீப்பைப் பாத்தாரு. மூஞ்சி செவந்து போச்சு. ஜீப்பே சிரிச்சுச்சு.

சாயங்காலம் அஞ்சு மணி. சன்னாசி குளிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு, போடி பஸ் ஸ்டாண்டுல பளிச்சுன்னு நிக்கிறாரு. வழியனுப்ப வீடே வந்துருச்சு. பஸ்ஸு நெறைய ஆளுக. கெளம்பப் போகுது. ரெட்டைக ரெண்டும் ஜன்னல் ஜன்னலா ஓடிப் போய் உள்ள இருக்குற எல்லார்கிட்டயும் சொல்லுதுக:

"எங்கப்பாவும் தூங்குவாரு!"

"ஆமா! ராத்திரி பூரா தூங்குவாரு! அசையவே மாட்டாரு!"

பஸ்ஸே கப்சிப்னு ஆயிருச்சு. ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்குறாங்க. மூணாவது சீட்டுல ஒரு பெரியவரு, மடியில இருந்த பையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாரு.

"ஏம்ப்பா, கண்டக்டரு தூங்குனா தூங்கிட்டுப் போகட்டும். டிரைவரு எப்படி?"

பஸ்ஸு பூராம் சிரிச்சுச்சு. டிரைவரும் சிரிச்சாரு. சன்னாசிக்குச் சிரிப்புல விசிலே ஊத முடியல, வெறும் காத்துதான் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே பஸ்ஸு நகந்து, தேனி ரோட்டுல திரும்பி, போயே போயிருச்சு.

கதையும் அந்தப் பஸ்லயே ஏறிப் போயிருச்சு, பட்டு. இனி ஸ்டாப்பிங் கெடையாது. கண்ணை மூடு, தூங்கு.